தம்பியின் கை

போன மாதம், ஆராய்ச்சிகளுக்கு நோயாளிகளைச் சேர்க்கும் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். "மேடம், பேஷன்ட் வேண்டாம்ங்கறார். வைஃப் சரிங்கறாங்க. யார் சொல்றத எடுத்துக்கறது?" பின்னால் அவசரப் பிரிவின் சத்தம் கேட்டது. விதி என்னவோ அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. விதியை நீங்கள் பயிற்சியிலேயே படித்திருப்பீர்கள். என்னிடம் கேட்டது வேறு எதற்கோ என்று பட்டது. அதனால்தான் தேவசகாயம் சாரைப் பற்றி எழுதுகிறேன்.

பெயர்கள் எல்லாம் மாற்றியவை. தாம்பரம் பக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்று சொன்னாலே நான்கு பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவர் சொன்ன வார்த்தைகளை மட்டும் மாற்றவில்லை. மாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது எங்கள் மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்க ஏற்கெனவே ஒரு மருந்து உண்டு. புதிதாக ஒன்று வந்திருந்தது. எது மேல் என்று பார்க்க வேண்டும். ஒப்புக்கொள்கிற நோயாளிக்குக் குலுக்கல் முறையில் இரண்டில் ஒன்று கிடைக்கும். ஒப்புக்கொள்ளாதவருக்குப் பழைய மருந்து. எப்படியும் சிகிச்சை உண்டு. இந்த ஆராய்ச்சியை எங்கள் மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளும் டாக்டர் நான். மற்ற ஊர்களில் மளமளவென்று ஆள் சேர, நாங்கள் பின்தங்கியிருந்தோம். ஆராய்ச்சியை நடத்தும் அலுவலகத்திலிருந்து மரியாதையான மின்னஞ்சல்கள் வரத் தொடங்கியிருந்தன. அந்த மரியாதை எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை, அவசரப் பிரிவின் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர்தான் முதலில் உள்ளே ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, கேம்ப் ரோட்லேர்ந்து சார் நல்லாத்தான் பேசினு வந்தாரு. எறங்குனு சொன்னா காலு வர்ல. ஆனா ஒண்ணுமில்லேன்றாரு. இன்னானு பாருங்க."

ஸ்ட்ரெச்சரில் வந்த தேவசகாயம் சாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முகத்தின் வலது பாதி மழுமழுவென்று சவரம் செய்யப்பட்டிருந்தது. இடது பாதியில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த அவர் மனைவி ஹெலன் டீச்சர், பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அவர் சொன்னார்: "ஷேவ் பண்ணி முடிச்சாச்சுனு எழுந்தார் டாக்டர். பாதிதான் பண்ணியிருக்கீங்கன்னேன். முழுசா பண்ணிட்டேனேன்னார். அடுத்த அடி வைக்கும்போது விழுந்துட்டார். கைத்தாங்கலாத்தான் ஆட்டோவுல ஏத்தினேன்."

மூளையின் வலது பக்கம் அடைப்பு. இடது கை, இடது கால் இரண்டும் செயலிழந்திருந்தன. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மருந்து கொடுக்கலாம், ஆனால் சீக்கிரம் கொடுக்க வேண்டும். மூளை காத்திருக்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் அவர் பக்கத்தில் போய் நின்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்குப் பக்கவாதம் இல்ல, டாக்டர். கால் வழுக்கிச்சு. அவ்வளவுதான். ஒரு பிளாஸ்திரி போட்டு அனுப்புங்க, மதியம் டியூஷன் இருக்கு" என்றார்.

"இடது கையைத் தூக்குங்க சார்."

"தூக்கியாச்சு."

கை படுக்கையில் கிடந்தது.

"தூக்கினீங்களா சார்?"

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்றார். கவனிக்காத மாணவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

வலது மூளை அடிபட்டால் சிலருக்கு இப்படி வரும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஓரிருவரிடம் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தும் இருக்கிறேன். இவ்வளவு தெளிவாக, இவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. அவர் குழம்பவில்லை. என்ன கிழமை, எந்த ஊர், எந்தத் தெரு எல்லாம் சரியாகச் சொன்னார். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் வினோத் வேண்டுமென்றே ஒரு பெருக்கல் கணக்கு கேட்டார். சார் விடையைச் சொல்லிவிட்டு, "நீங்க எந்த ஸ்கூல் தம்பி?" என்றார்.

சிகிச்சை வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். வலது கையால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். ரத்த அழுத்தம் ஏறியது. அந்த மருந்தைக் கொடுக்கும்போது நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். இப்படி முரண்டு பிடிக்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது? மயக்க ஊசி போட்டால் மூளை எப்படி இருக்கிறது என்று கவனிக்க முடியாது.

"அப்ப இந்தக் கை யாரோடது சார்?" என்று கேட்டேன். அவருடைய இடது கையைத் தூக்கி அவர் கண் முன்னால் காட்டினேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவரைப் பேச்சில் நிறுத்தி வைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சாமுவேலோட கை" என்றார்.

ஹெலன் டீச்சர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா சாமுவேல்?" என்று கேட்டேன். "அவர் தம்பி. கீழ்க்கட்டளையில இருக்கார்" என்றார் தணிந்த குரலில். "சர்ச் சபைத் தேர்தல்ல ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னாங்க. அதுலேர்ந்து பேச்சு கிடையாது. தம்பி வேற சர்ச்சுக்கே போயிட்டார். வீட்ல அந்தப் பேரைச் சொல்லிப் பல வருஷமாகுது, டாக்டர்."

அறுபது வருடத்துக்கு மேல் கூடவே இருந்த கை. அதை அந்த மூளை ஒரே காலையில் வேறு ஒருவருடையதாக்கிவிட்டது. அதுவும் யாருடையதாக? ஏன் சாமுவேல்? எந்த ஸ்கேனும் அதைச் சொல்லாது. பிறகு பல கருத்தரங்குகளில் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரிய பெரிய ஆட்கள். யாரும் தெரியும் என்று சொல்லவில்லை.

நான் அப்படி நின்றுகொண்டிருந்தபோது ஹெலன் டீச்சர் முன்னால் வந்தார். கட்டிலின் வலது பக்கம் போய், கணவர் முகத்துக்கு நேராகக் குனிந்தார். அந்தக் குரலில் அழுகை கொஞ்சமும் இல்லை.

"ஏங்க. சாமுவேல் தம்பிக்குக் கை வரமாட்டேங்குது. மரத்துப்போச்சு. மருந்து ஏத்தணுமாம்."

அவர் முகம் மாறியது. "எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

"அப்ப எதுக்கு நின்னுக்கிட்டு இருக்கீங்க?" என்று என் பக்கம் திரும்பினார். "ஏத்துங்க டாக்டர். லேட் பண்ணாதீங்க."

மருந்து ஏற்றுவதற்கான ஊசியை வலது கையில் குத்த வினோத் வந்தார். சார் கையை இழுத்துக்கொண்டார். "எனக்கு ஏன் போடறீங்க? அவனுக்குத்தானே?"

ஹெலன் டீச்சர் தயங்கவில்லை. "அவருக்கு நரம்பு கிடைக்கலைங்க. உங்க வழியாத்தான் போகணும்."

சார் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. பிறகு வலது கையை வினோத்திடம் நீட்டினார்.

"சரி. கூடப் பிறந்தவன்தானே. ரத்தம் ஒண்ணுதான்" என்றார். அதற்குப் பிறகு ஆடாமல் அசையாமல் படுத்திருந்தார்.

இதில் சிகிச்சையைப் பொறுத்தவரை எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவரின் மறுப்பு, சிகிச்சைக்கான மறுப்பு ஆகாது. மனைவியின் சம்மதம் இருக்கிறது, அவசரம் இருக்கிறது, மருந்து நிரூபிக்கப்பட்டது. கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும்.

ஊசி குத்தியாயிற்று, மருந்து இன்னும் ஏறவில்லை; எந்த மருந்து என்று வினோத்தின் கேள்வி அடுத்ததாக வந்தது. "மேடம், ட்ரையல்ல சேத்துடலாமா? வைஃப் சைன் பண்றேங்கறாங்க. அவரும் சரினு சொல்லிட்டார். எல்லா விதத்துலயும் பொருந்தறார்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நோயாளியால் முடிவெடுக்க முடியாவிட்டால் உறவினர் கையெழுத்துப் போடலாம் என்றுதான் எங்கள் விதியும் சொன்னது. ஹெலன் டீச்சர் பேனாவைக் கையில் வாங்கத் தயாராக நின்றார். "ஆராய்ச்சில சேந்தா அவரை இன்னும் நல்லாப் பாப்பீங்க இல்ல டாக்டர்?" என்று கேட்டார். இல்லை, இரண்டிலும் ஒரே மாதிரிதான் பார்ப்போம் என்றேன். அந்த நிமிடத்தில் அதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

என்னுடைய மூத்த டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். அவர் பெயரை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. அவர் முழுவதையும் கேட்டார். "நல்லா ஆனப்புறம் அந்த மனுஷன் உன்கிட்ட வந்து, 'நான் வேணாம்னு சொன்னேனே'ன்னு கேட்டா என்ன சொல்லுவே? அதுக்கு உன்னால பதில் சொல்ல முடியும்னா சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சேர்க்காதே என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் படுக்கையைப் பார்த்தேன். அவர் தம்பிக்காகத் தன் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். அந்தச் 'சரி' தம்பிக்குச் சொன்ன சரி. அவர் தனக்கென்று சொன்ன ஒரே வார்த்தை 'வேண்டாம்'. அந்த வேண்டாமை மீறி அவர் உயிரைக் காப்பாற்ற எனக்கு உரிமை உண்டு. அந்த வேண்டாமை மீறி அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள உரிமை உண்டா? ஆராய்ச்சி என்பது அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது. அதை எவ்வளவு நல்ல காரணத்துக்காக எடுத்தாலும் எடுப்பதுதான்.

"வேண்டாம் வினோத். பழைய மருந்தையே ஏத்துங்க" என்றேன்.

திங்கட்கிழமை ஆராய்ச்சியை நடத்தும் அந்த அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பொருத்தமான நோயாளி, ஏன் சேர்க்கவில்லை? நோயாளி மறுத்துவிட்டார் என்றேன். உறவினர் சம்மதித்தாரே என்றார்கள். ஆமாம், ஆனால் நோயாளி மறுத்துவிட்டார் என்று திரும்பவும் சொன்னேன்.

இனி வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். கால் மெல்ல மெல்ல உயிர் பெற்றது. கை அப்படியே கிடந்தது. அது சாமுவேலின் கையாகவே இருந்தது. சாப்பிடும்போது தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இட்லி பத்தவில்லை என்பார். தட்டைச் சுற்றி வைத்தால், "இப்பத்தான் வச்சீங்களா?" என்று மீதியைச் சாப்பிடுவார். இடது பக்கம் யார் நின்றாலும் அவருக்கு அங்கே ஆள் கிடையாது.

ஹெலன் டீச்சர் கொழுந்தனாருக்குப் போன் செய்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை சாமுவேல் வந்தார். சிறுசேரியில் ஏதோ கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருந்தவர், கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தார். வார்டு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் கட்டிலின் வலது பக்கம் வந்து நின்றதும் சார் பார்த்தார். "வா" என்றார். அவ்வளவுதான். பல வருடப் பிணக்குக்குப் பிறகு ஒரு 'வா'.

நான் அங்கே இருந்தேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், உங்க தம்பி வந்திருக்கார். அவருக்கு ரெண்டு கையும் அவர்கிட்டயே இருக்கு பாருங்க. ஒண்ணை இங்க விட்டுட்டுப் போயிருந்தா, ஒண்ணுதானே இருக்கணும்?"

அவர் தம்பியின் இரண்டு கைகளையும் பார்த்தார். படுக்கையில் கிடந்ததையும் பார்த்தார்.

"கணக்கு சரிதான் டாக்டர்" என்றார். "ஆனா கையும் இங்கதானே இருக்கு."

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடினால் ஜெயிக்க முடியாது என்பதால் மட்டும் இல்லை. அங்கே ஒரு மூளை, தன்னிடம் மிஞ்சியதை வைத்துக்கொண்டு, உலகத்தை எப்படியாவது முழுசாக்கிக்கொள்ளப் பாடுபட்டது. அதை நேருக்கு நேர் பார்த்தேன். கோயிலில் நிற்பது போல இருந்தது.

சாமுவேல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கைதான்ணே" என்றார். "நான் பாத்துக்கறேன்."

நோயாளியின் பிரமைக்கு ஆமாம் போடக்கூடாது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. குரல் இடது பக்கமிருந்து வந்ததும் சாரின் தலை அந்தப் பக்கம் திரும்ப முயன்றது. நாங்கள் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பாத பக்கம் அது. முதலில் கண் போனது, பிறகு தாடை கொஞ்சம் அசைந்தது. இயன்முறை மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "சார், தினமும் அந்தப் பக்கமே உட்காருங்க" என்று சாமுவேலிடம் சொன்னார். அவர் தினமும் வேலை முடிந்து வந்து அங்கேயே உட்கார்ந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துவிடுவார். சபை விஷயம் மட்டும் இருவரும் பேசவில்லை என்று ஹெலன் டீச்சர் சொன்னார்.

ஒரு காலை ஹெலன் டீச்சர் என் அறைக்கு ஓடி வந்தார். "டாக்டர், நேத்து வரைக்கும் நல்லா இருந்தார். இன்னைக்கு மோசமாயிட்டார். அழறார். சாப்பிட மாட்டேங்கறார்."

போய்ப் பார்த்தேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியதாம். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு மனைவியிடம், "ஹெலன், இது என் கைதானே?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும், "அப்ப ஏன் அசைய மாட்டேங்குது?" என்று கேட்டாராம்.

எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்த செய்தி, அவருக்கு அன்றுதான் கிடைத்தது. இது மோசமாவது இல்லை, குணமாவதன் அறிகுறி என்று அந்த அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகிற மனிதரைக் காட்டி, நல்லது நடந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அது உண்மை. நம் வேலையில் இப்படிப்பட்ட உண்மைகள் வரும். மெதுவாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள்.

மாதங்கள் போயின. சார் கைத்தடியோடு நடந்து மறுபரிசோதனைக்கு வரத் தொடங்கினார். தம்பிதான் காரில் கூட்டி வருவார். மேடவாக்கத்தில் டிராஃபிக் என்று இருவரும் ஒரே குரலில் அலுத்துக்கொள்வார்கள். இடது கை தோளிலிருந்து கொஞ்சம் உயர்ந்தது. விரல்கள் மூடும், திறக்காது.

அந்தச் சமயத்தில் எங்களிடம் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. கை மீள்வதற்கு ஒரு புதிய பயிற்சி முறை. இதிலும் குலுக்கல் உண்டு. அவரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கேட்டேன். ஒப்புதல் தாள்களை அவர் வரி விடாமல் படித்தார். ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தார். பிறகு கேட்டார்:

"புதுப் பயிற்சி எனக்கு விழலைன்னா?"

"இப்ப செய்யறதே தொடரும் சார்."

"அப்ப என்னால உங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

"பழசுல எவ்வளவு முன்னேறுவீங்கனு தெரிஞ்சாத்தான், புதுசு மேலா இல்லையானு சொல்ல முடியும்."

தலையாட்டினார். பிறகு, "அன்னைக்கு என்னை ஏதாவது ஆராய்ச்சில சேத்தீங்களா?" என்றார்.

"இல்ல சார். நீங்க வேண்டாம்னீங்க."

"எனக்கு ஞாபகம் இருக்கு, டாக்டர். நான் பொய் சொல்லல. நீங்க தூக்கச் சொன்னப்ப அந்தக் கை மேல போனதைப் பார்த்தேன். இப்ப இந்த மேசையைப் பாக்கற மாதிரி பார்த்தேன்." அவர் நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கும் இதே உறுதியோடதான் பேசினேன். இதே குரல். இன்னைக்கு நான் சரினு சொன்னா, அது சரியான சரினு நீங்க எப்படி நம்பறீங்க?"

எத்தனையோ ஒப்புதல்கள் வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எந்த விதிப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மின்சார ரயில் கடந்து போய் முடியும்வரை நான் யோசித்தேன்.

"அன்னைக்கு நீங்க இந்தக் கேள்வியைக் கேக்கல சார்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். சரியான விடை எழுதிய மாணவனைப் பார்க்கும் பார்வையா, தவறான விடைக்கு மார்க் போடலாமா என்று யோசிக்கும் பார்வையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பேனாவைக் கேட்டார்.

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. சாமுவேல் பிடித்துக்கொள்ள முன்னால் வந்தார். சார் தலையசைத்துத் தடுத்தார். இடது தோளை இறுக்கினார். மூடிய விரல்களோடு அந்தக் கை மடியிலிருந்து எழுந்து, மேசையின் விளிம்பில் முட்டி, தாளின் மேல் வந்து அமர்ந்தது. அவர் தன் பெயரை முழுவதும் எழுதி முடிக்கும்வரை தாள் நகரவில்லை.